மணமேல்குடி முதல் முத்துக்குடா வரை: ஆளில்லாக் கரைக்குக் கிளம்பும் முன்

புதுக்கோட்டைக்குக் கடல் உண்டா என்று கேட்பவர்கள் அந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. அதோடு சேர்ந்து வந்ததுதான் கடல். வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி, தெற்கே மீமிசலைத் தாண்டி ராமநாதபுரம் மாவட்ட எல்லையைத் தொடும்வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கரை. மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், முத்துக்குடா என்று ஊர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே கிடக்கின்றன. சாலையில் போகிற பேருந்துகளில் பாதிப் பேர் இராமேசுவரம் போகிறவர்கள். இங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த அத்தியாயம்.

கூட்டமில்லாத கரை, தண்ணீருக்குள் முகம் புதைத்துப் பார்க்க ஏதாவது, இந்த இரண்டையும் ஒரே இடத்தில் தேடி வருபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. அமைதி இங்கே தாராளமாகக் கிடைக்கும். நீலத் தண்ணீரும் பவளப்பாறையும் கிடைக்காது. இது பாக் விரிகுடா. ஒரு பக்கம் இலங்கை, தெற்கே இராமேசுவரம் தீவும் மணல் திட்டுகளும் அடைத்து நிற்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. ஆழமும் குறைவு, பதினைந்து மீட்டரைத் தாண்டும் இடங்களைத் தேடிப்பிடிக்க வேண்டும். அடியில் மணலும் சேறும். சற்றுக் காற்று வீசினாலே அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் மோர் நிறத்துக்கு வந்துவிடும். இணையத்தில் அந்தமான் படங்களைப் பார்த்துவிட்டு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் வாங்கிக்கொண்டு நேரே மணமேல்குடிக்கு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் அந்தச் சேற்றில்தான் இந்தக் கடலின் பெரிய சொத்து வேர்விட்டிருக்கிறது. கடற்புல். பாசி அல்ல, புல்லேதான். வேர், இலை, பூ, விதை எல்லாம் உண்டு. சூரிய ஒளி தரைவரை எட்டுகிற ஆழம் குறைந்த, அலை குறைந்த கடலில்தான் அது பரவும். பாக் விரிகுடாவின் வடபகுதி அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழ்கிற விலங்குக்குப் புத்தகத்தில் கடல் பசு என்று பெயர். கரையில் ஆவுளியா என்பார்கள். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையுள்ள கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களின் கடலும் அதில் அடக்கம். ஆக, நீங்கள் மணமேல்குடிக் கரையில் கால் நனைக்கும்போது நிற்பது அந்த மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில்.

எனவே புதுக்கோட்டைக் கரையை அமைதிக்கும் கரையோரப் பார்வைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் பார்ப்பதற்கு அதே சாலையில் தெற்கே இறங்குங்கள். இரண்டு நாள் கையில் இருந்தால் இரண்டும் கிடைக்கும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைப்பவர்கள் சாலையைத்தான் நன்றாகப் பார்ப்பார்கள்.

போகும் வழி

எல்லாவற்றுக்கும் வாசல் அறந்தாங்கி. புதுக்கோட்டையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். திருவாரூர் – காரைக்குடி அகலப்பாதை 2019-ல் திறந்த பிறகு அறந்தாங்கிக்கு மறுபடி ரயில் வருகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு தொடங்கிய தாம்பரம் – இராமேசுவரம் ரயிலும் இந்தத் தடத்தில்தான் போகிறது. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு அது வசதி. அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் மூன்றுக்கும் தனித்தனியே பேருந்து உண்டு. மீமிசலுக்கு ஆவுடையார்கோயில் வழி.

பேருந்து இறக்கிவிடும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவில்தான் சிரமம் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பிக் கடல் தெரியும் என்று ஜன்னலோரம் உட்கார வேண்டாம். பல இடங்களில் சாலைக்கும் நீருக்கும் இடையே உப்பளம், கருவைக்காடு, இறால் பண்ணை, களர் நிலம். குறுக்குப் பாதைகள் எல்லாம் கடலுக்குப் போகும் என்று இல்லை. சில பாத்திக்கட்டுகளில் முடிந்துவிடும். கைப்பேசி வரைபடம் காட்டும் கோடு மழைக்குப் பிறகு சேற்றுக்குள் போய்விடும். கார் கொண்டுவந்தால் தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். களர்மண் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். சக்கரம் இறங்கிவிட்டால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். இருசக்கர வாகனம் இந்தக் கரைக்கு மிகப் பொருத்தம். தங்குவதற்கு அறந்தாங்கிதான் பாதுகாப்பான கணக்கு. கடலோர ஊர்களில் விடுதியை நம்பி இருட்டிய பிறகு வந்து இறங்காதீர்கள்.

மணமேல்குடிக் கோடி

மணமேல்குடிக்குக் கிழக்கே நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டியிருக்கிறது. தெற்கு வெள்ளாறு இந்த வட்டாரத்தில்தான் கடலில் கலக்கிறது. பழைய நாட்டுப் பிரிவுகளான கோனாட்டையும் கானாட்டையும் பிரித்த ஆறு அது. ஆறுகள் கொண்டுவந்த மண்ணும் கடல் ஒதுக்கிய மணலுமாகச் சேர்ந்து உண்டான முனையை இங்கே கோடியக்கரை என்கிறார்கள். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோடியக்கரை வேறு. வண்டி பிடிக்கும்போது 'மணமேல்குடிக் கோடியக்கரை' என்று முழுதாகச் சொல்லுங்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சுற்று வட்டாரமே இங்கே திரளும். அந்த இரண்டு நாளும் அமைதி தேடி வராதீர்கள். மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்குப் போனால் ஓரிரு வலைக்காரர்களும் உள்ளான்களும் கடற்காகங்களும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த அமைதிக்குக் காரணம் ஊரின் மகிமை அல்ல. குளிக்க வசதியில்லை, கடையில்லை, கழிப்பறையில்லை, நிழலில்லை. கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, கணுக்கால் அளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். நீந்த ஆழம் வருவதற்குள் பாதிப் பேருக்கு அலுத்துவிடும். இதையெல்லாம் குறையாக எண்ணுபவர்களுக்கு நாகூரும் வேளாங்கண்ணியும் இருக்கின்றன. எனக்கு இவை வேலி மாதிரி படுகின்றன. அதனால்தான் இந்தக் கரை இன்னும் இப்படி இருக்கிறது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோய், குப்பையையும் கையோடு திருப்பிக் கொண்டுவருபவருக்கு இதைவிட நல்ல காலை இந்த மாவட்டத்தில் கிடைக்காது.

கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடக்கும் நாடா போன்ற சருகைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் சிலர். அதுதான் கடற்புல். காற்றுக்காலம் முடிந்ததும் நிறைய ஒதுங்கும். கையில் எடுத்துப் பாருங்கள்: தட்டையான பட்டை ஒரு சாதி, நூல் போல உருண்டது ஒரு சாதி, நகமளவு முட்டை வடிவ இலை ஒரு சாதி. எந்தச் சாதி எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பதிலிருந்தே எதிரே கடலடியில் என்ன விளைந்திருக்கிறது என்று ஒருவாறு தெரிந்துவிடும். குவியலைக் கிளறினால் சிறு சிப்பிகள், நண்டோடுகள், சில நாள் காய்ந்த கடல்குதிரை. கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. யானைக்கும் புலிக்கும் உள்ள பாதுகாப்பு. செத்துக் காய்ந்ததாக இருந்தாலும் பையில் போடாதீர்கள். 'நினைவுக்கு ஒண்ணு' என்று எடுத்தது சோதனைச்சாவடியில் வழக்காகும்.

ஊருக்குள் நேரமிருந்தால் ஒரு தகவல்: பெரியபுராணம் போற்றும் குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இந்த மணமேல்குடிதான். பாண்டிய மன்னனின் அமைச்சர் ஒருவர் இந்த உப்புக்காற்றில் பிறந்திருக்கிறார்.

முத்துக்குடாவும் அலையாத்தியும்

மீமிசலுக்குப் பக்கத்தில் முத்துக்குடா. இங்கே கரை என்றால் மணல் அல்ல, அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் ஆணி ஆணியாக எழுந்து நிற்கும். சுற்றுலாத் துறை இந்த இடத்தை வளர்த்தெடுக்கத் தொடங்கியிருக்கிறது. காட்டுக்கு நடுவே உள்ள நீர்வழியில் படகில் போவதுதான் இங்கே அனுபவம். படகு ஓடுகிறதா என்பதை மீமிசலில் இறங்கிய உடனே விசாரித்துவிடுங்கள். கடல் நிலையும் நீர்மட்டமும் பார்த்துத்தான் எடுப்பார்கள். விடுமுறை நாட்களில் உள்ளூர்க் குடும்பங்கள் நிறைய வரும். வார நாளில் காலையில் போனால் காடு உங்களுடையது.

இங்கே முகக்கண்ணாடிக்கு வேலையே இல்லை. ஓடை நீர் தேநீர் நிறம். அதற்குப் பதில் படகின் விளிம்பில் குனிந்து, வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளையும் ஏறி இறங்கும் நண்டுகளையும் சேற்றில் துள்ளும் மீன்களையும் பாருங்கள். கடலில் பெரிதாகும் இறாலும் மீனும் குஞ்சாக இருந்து தேறுவது இந்த வேர்களுக்கிடையில். காலை வேர்களுக்குள் இறக்கி நடக்க ஆசைப்படாதீர்கள். சிப்பி விளிம்பு சவரக்கத்தி. வெட்டினால் சேற்றுக்கிருமி வேறு. வேரும் உடையும்.

எப்போது போவது

காற்றைக் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து நேரே இந்தக் கரையை நோக்கி வீசும். கடல் கொந்தளிக்கும், தண்ணீர் முழுக்கக் கலங்கல். புயலும் இந்த மாதங்களில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா இந்த ஊர்களின் தென்னையையும் படகையும் என்ன செய்தது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாடை ஓய்ந்து, மார்ச் பிறந்தால் கடல் தெளியத் தொடங்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் விரிகுடா ஒப்பளவில் அடங்கியிருக்கும். இராமேசுவரத் தீவில் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் குளம் என்று இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

என் தேர்வு ஏப்ரலின் பின்பாதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். கடலில் இயந்திரச் சத்தம் குறையும், அடியைக் கலக்கும் இழுவலையும் இருக்காது. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வரும். அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன் வந்துவிட்டுப் போய்விடலாம். மே மாத வெயிலில் இந்த நிழலற்ற கரைக்கு வருவது வீம்பு.

தடை இல்லாத மாதங்களில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும்; மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. பாக் விரிகுடாவில் இரு தரப்பும் மோதிக்கொள்ளாமலிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு இது. மீன் வந்திறங்கும் பரபரப்பைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் திரும்பும் மறுநாள் காலையில் துறைக்குப் போங்கள். நண்டும் கணவாயும் ஏலம் போகும் வேகத்தில் உங்கள் கேமராவுக்கு யாரும் வழிவிட மாட்டார்கள், ஓரமாக நில்லுங்கள்.

எந்த மாதமானாலும் நேரம் விடியல்தான். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் ஏறும். பத்து மணிக்கு மேல் தண்ணீருக்குள் பார்க்க எதுவும் மிச்சமிருக்காது.

கரையில் கேட்க வேண்டியது

வானிலைச் செயலியைவிடக் கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவர் நம்பகமானவர். அருகில் போய், வேலை கெடாதபடி, "அண்ணே, தண்ணி தெளிஞ்சிருக்கா?" என்று கேளுங்கள். "கலங்கலாத்தான் கெடக்கு, ரெண்டு நாள் போகட்டும்" என்றால் அன்றைக்கு முகக்கண்ணாடியைப் பையிலேயே விட்டுவிடுங்கள். "எங்க இறங்கக் கூடாதுண்ணே?" என்ற கேள்வி இன்னும் முக்கியம். வலை எங்கே கட்டியிருக்கிறது, எங்கே புதைசேறு, எங்கே படகு வரும் தடம், மூன்றுக்கும் அதில் பதில் வந்துவிடும்.

இந்தக் கரை ஆளில்லாதது போலத் தெரியும். உண்மையில் அது வேலை முடிந்து ஆள் போன தொழிற்கூடம். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், செருப்போடு படகில் ஏறாதீர்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தாண்டாதீர்கள். குளிக்கும்போது உடை உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் ஊருக்கு எதிரே நீந்துகிறீர்கள் என்றால் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை நல்லது. வெயிலுக்கும் சொறி என்கிற ஜெல்லி மீனுக்கும் அதுவே கவசம். கோட்டைப்பட்டினம் இராவுத்தர் அப்பா தர்காவில் திருவிழா நாட்களில் சாலை முழுக்கக் கூட்டமாக இருக்கும். அன்றைக்குப் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம், அல்லது அதற்காகவே வரலாம்.

மீனவர் படகில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிப் பணத்தை நீட்டாதீர்கள். மீன்பிடிப் படகாகப் பதிவானதில் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. மாட்டிக்கொண்டால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், உரிமம் இழப்பவர் அவர். தவிர, இந்தக் கடலில் சர்வதேச எல்லைக்கோடு அதிகத் தூரத்தில் இல்லை. 1974 ஒப்பந்தம் போட்ட அந்தக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளின் சொந்தக்காரர்கள் ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கடலோரக் காவல் கண்கொத்திப் பாம்பாக இருக்கும் பகுதி இது. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். டிரோனை வீட்டில் விட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குள் பார்க்க

மணமேல்குடியிலிருந்து தெற்கே, தொண்டியைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்றே உள்ளே காரங்காடு. அறுபது, எழுபது கிலோமீட்டர். ராமநாதபுரம் மாவட்டம். வனத்துறை உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் சூழல் சுற்றுலா மையம் இங்கே இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகு, துடுப்புப் படகு, வெளிக்கடலில் கடற்புல்லைப் பார்க்க ஸ்நார்க்கலிங். உபகரணமும் உயிர்காப்புச் சட்டையும் துணைக்கு ஆளும் அவர்களே தருவார்கள். இன்னும் தெற்கே உச்சிப்புளிக்கு அருகில் பிரப்பன்வலசையிலும் இதே போல ஒரு மையம். அது திறந்த, அடங்கிய கடல். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பவளப்பாறை பார்க்காமல் மனம் ஆறாது என்பவர்கள் மண்டபம், இராமேசுவரம் வரை போக வேண்டும்; பாக் விரிகுடாவின் பவளத்திட்டு அந்தப் பக்கம்தான் கரைக்கு இணையாக ஓடுகிறது. கடல் சூடேறியதால் 2010, 2016, 2024 ஆண்டுகளில் அதில் பெருமளவு வெளிறிப்போனது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். எல்லா இடத்திலும் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். காற்று இருந்தால் கடலில் இறக்க மாட்டார்கள், அது நல்லதும்தான்.

கடற்புல்லுக்கு மேல் மிதப்பது பவளத்துக்கு மேல் மிதப்பது போல இல்லை. பவளம் தானாகக் கண்ணில் விழும். புல்லில் தேட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. கையைக் காலை ஆட்டாமல் ஓரிடத்தில் மிதந்து கிடந்தால் ஒவ்வொன்றாக வெளிப்படும். இலையோடு இலையாக ஊசி மீன், வாலை இலையில் சுற்றிக்கொண்டு நிற்கும் கடல்குதிரை, கூட்டமாகப் புல்லைக் கொறித்துப் போகும் ஓரா, வெள்ளி மின்னும் காரல், அடியில் அட்டை. திடீரென்று நிறம் மாற்றி நழுவும் கணவாய். பார்வை ஓரிரண்டு மீட்டர் எட்டினால் அது நல்ல நாள்.

துடுப்புக் காலணி இங்கே பெரும்பாலும் தொந்தரவு. ஒரு உதைக்கு அடிச்சேறு எழுந்து, பின்னால் வருபவருக்கும் உங்களுக்கும் அன்றைய காட்சி முடிந்துவிடும். குட்டையான துடுப்பு, இடுப்பிலிருந்து மெல்லிய உதை, வயிறு தரையைத் தொடாத ஆழம், இது போதும். நடுவில் களைத்தால் புல்மேல் நிற்காதீர்கள். மிதிபட்டு வேரோடு பெயர்ந்த புல் திரும்ப வளர நெடுநாள் ஆகும். உயிர்காப்புச் சட்டை போட்டு மல்லாந்து மிதந்து இளைப்பாறுங்கள்.

முகக்கண்ணாடி வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் பொருத்தி மூக்கால் மூச்சை இழுங்கள். கை எடுத்தும் விழாமல் நின்றால் உங்கள் முகத்துக்குச் சரியானது. மீசைக்காரர்களுக்கு நீர் கசியும். மேலுதட்டில் கொஞ்சம் வாஸ்லின். பனி படியாமலிருக்க உள்பக்கம் குழந்தை ஷாம்பு ஒரு துளி தேய்த்துக் கழுவினால் போதும். குழலில் நீர் புகுந்தால் தலையைத் தூக்காமல் ஒரே ஊதாக ஊதி வெளியேற்றப் பழகுங்கள். இதை முதலில் இடுப்பளவு தண்ணீரில், நின்றபடி. நீச்சல் குளத்தில் பழகியிருந்தால் இன்னும் நல்லது. தனியாக இறங்காதீர்கள். கரையில் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கணக்கில் வரமாட்டார்.

கடித்தால், குத்தினால்

திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடந்தால் அது முன்கூட்டியே விலகிவிடும். ரப்பர் அடி வைத்த காலணி கட்டாயம். குத்திவிட்டால் காலைப் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் நெடுநேரம் வைக்க வேண்டும்; வலி குறையும். முள் உள்ளே ஒடிந்திருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கெளிற்று மீனின் முள்ளுக்கும் அதுவே வழி. வலைக்காரர்கள் கழித்துப்போட்ட மீன்களில் வெறுங்காலோடு நடந்து குத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். சொறி தீண்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைத் துணியோ அட்டையோ கொண்டு எடுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 108. கடற்பாம்பு ஆளைத் துரத்தாது. வலையிலிருந்து எடுத்துப் போட்டதைக் கையால் தொடாதவரை ஆபத்தில்லை. கடலில் யாராவது சிக்கியிருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

ஆவுளியாவைப் பார்க்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அநேகமாக முடியாது. கூச்ச சுபாவம், கலங்கல் கடல், எண்ணிக்கையும் சொற்பம். சில நிமிடத்துக்கொரு முறை மூச்சுவிட மூக்கை மட்டும் மேலே நீட்டிவிட்டு மூழ்கிவிடும். ஒரு பெண் ஆவுளியா வயிற்றில் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்ததற்குப் பல ஆண்டு ஆகும். ஒன்று செத்தாலும் ஈடு கட்டக் காலம் பிடிக்கும். அது அகப்பட்ட வலையை அறுத்து விட்டுவிடும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்து வருகிறது. ஒரு வலையின் விலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். எதிர்பாராமல் ஒன்றைக் கண்டுவிட்டால் துரத்தாதீர்கள், முன்னால் போய் மறிக்காதீர்கள், அசையாமல் மிதந்திருங்கள். கரையில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

திரும்பும்போது

மீமிசல் வழியாக அறந்தாங்கி திரும்புகிறவர்கள் நடுவழியில் ஆவுடையார்கோயிலில் இறங்கலாம். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை அது. கருவறையில் லிங்கத்துக்கு இடமில்லை, ஆவுடை மட்டும். புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நிவேதனம். கல்லை மரம்போல் இழைத்த கொடுங்கைக் கூரைக்காகவே சிற்பிகள் தேடி வரும் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கடலில் காலையைச் செலவழித்துவிட்டு, மீமிசலில் சாப்பிட்டு, நான்கு மணிக்கு மேல் கோயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பொருந்தும். உப்பும் சேறும் ஒட்டிய உடையை மாற்ற ஒரு வேட்டியோ சேலையோ தனியாகப் பையில் இருக்கட்டும். இரவில் அறந்தாங்கிக்குப் பேருந்துகள் குறைந்துவிடும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கோயிலுக்குள் நுழையும் முன்பே எதிரே உள்ள கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.